இரண்டு எள்ளின் எடை: வெற்றிடமும் விரியும் பேரண்டமும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். பொருள் எதுவானாலும் தமிழில் பேச வேண்டும் என்பது அது. அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் கைப்பட எழுதிவைத்த விதியாம். அந்த விதிக்கு நான் மனமாரக் கடமைப்பட்டிருக்கிறேன். இன்றைய பொருளைத் தமிழில் யோசித்தபோதுதான் எனக்கே சில இடங்கள் தெளிந்தன.

ஆய்வகத்தில் ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஒலி பரவ ஊடகம் வேண்டும் என்பதைக் காட்ட மணிச்சாடிச் சோதனை செய்வோம் அல்லவா? தடித்த கண்ணாடிச் சாடியின் விளிம்பில் கிரீஸ் தடவி, தட்டின் மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு மின்மணியைத் தொங்கவிட்டிருப்போம். பம்பைப் போட்டதும் மணியின் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கொசுவின் முனகலாகி, பிறகு அதுவும் அடங்கிப்போகும். சுத்தி மட்டும் கிண்ணத்தை அடித்துக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியும். "இப்போது உள்ளே ஒன்றுமில்லை" என்று வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஒண்ணுமே இல்லேன்னா மணி எப்படி சார் கண்ணுக்குத் தெரியுது?" என்று கேட்டார். ஒளிக்கு ஊடகம் வேண்டாம் என்று பாடநூல் பதிலைச் சொல்லி உட்காரவைத்தேன். பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்கு உரிய முழுப் பதிலை இன்று சொல்லப் பார்க்கிறேன்.

சாடியிலிருந்து காற்றை எடுத்துவிடலாம். சுவர்களைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோய் வெப்பக் கதிர்வீச்சையும் வடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் எடுக்க முடியாதது ஒன்று உண்டு. அதுதான் மின்காந்தப் புலம். ஒளி என்பது அந்தப் புலத்தில் எழும் அலை. அலையடிக்காத குளத்திலும் தண்ணீர் இருக்கிறது. ஒளி இல்லாத இடத்திலும் புலம் இருக்கிறது. மணியின் ஓசைக்கு வழியில்லாமல் போனது, அதன் ஒளிக்கு வழி இருந்தது என்றால் காரணம் இதுதான். அடுத்த கேள்வி, அந்தக் குளம் முழுக்க அசைவற்று இருக்க முடியுமா என்பது. குவாண்டம் இயற்பியல் முடியாது என்கிறது.

வீட்டுக் கூடத்தில் தொங்கும் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் ஓய்ந்து நின்றுவிட்டது என்றால் இரண்டு சேதிகள் நமக்கு ஒருங்கே தெரியும்: அது சரியாக நடுவில் இருக்கிறது, அதன் வேகம் பூஜ்ஜியம். இடமும் வேகமும் இப்படி ஒருசேரத் துல்லியமாக அமைய இயற்கை விடுவதில்லை என்பதே ஹைசன்பர்க் 1927இல் சொன்னது. கூடத்து ஊஞ்சலில் இது தெரியாது. அணு அளவிலான ஊஞ்சலில் தெரியும். அது ஒருபோதும் முழுதாக ஓயாது. எவ்வளவு ஆற்றலைப் பிடுங்கினாலும் கடைசியில் ஒரு அரைப் பங்கு மிஞ்சும்: அதன் அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கி வருவதில் பாதி. இந்த அரையை முதலில் எழுதியவர் மாக்ஸ் பிளாங்க்; தம் கதிர்வீச்சுக் கணக்கை 1911இல் திருத்தியபோது அது வந்து விழுந்தது. 1925க்குப் பின் முறையான குவாண்டம் இயக்கவியல் உருவானபோது அந்த அரை அசைக்க முடியாததாகிவிட்டது. இன்று மாலை நான் பேசப்போவது முழுக்க இந்த அரையைப் பற்றித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி ஹீலியம். நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் 1908இல் அதைத் திரவமாக்கினார். பிறகு அதைத் திண்மமாக்க, மேலிருக்கும் ஆவியைப் பம்பால் இறைத்து இறைத்து இன்னும் குளிர்வித்துப் பார்த்தார். உறையவில்லை. மற்ற எந்தப் பொருளும் அந்தக் குளிரில் கல்லாகியிருக்கும். ஹீலியம் அணுக்கள் எடை குறைந்தவை, ஒன்றையொன்று இழுக்கும் விசையும் சொற்பம். அந்த அரைப் பங்கு ஆட்டமே அவற்றை வரிசையில் நிற்கவிடாமல் செய்கிறது. அவருக்குப் பின் அதே ஆய்வகத்தில் கேசம் 1926இல் அழுத்தம் கொடுத்துத்தான் திண்ம ஹீலியத்தைப் பார்த்தார். ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம் தேவைப்படுகிறது. தனிச்சுழி வெப்பநிலைக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோனாலும் சாதாரண அழுத்தத்தில் அது திரவம்தான்.

அணுவுக்கு இருக்கும் இந்த அரை, புலத்துக்கும் உண்டு. மின்காந்தப் புலம் எண்ணற்ற ஊஞ்சல்களின் தொகுப்பு: நீண்ட அலைக்கு ஒன்று, குட்டை அலைக்கு ஒன்று, எல்லாத் திசைக்கும் தனித்தனியே. ஒவ்வொன்றுக்கும் அரை. அப்படியானால் மணிச்சாடிக்குள் உள்ள மொத்த ஆற்றல் எவ்வளவு? கூட்டத் தொடங்கினால் கணக்கு முடிவதில்லை. அலை குட்டையாகக் குட்டையாக ஊஞ்சல்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது, ஒவ்வொன்றின் அரையும் பெரிதாகிறது. மிகக் குட்டையான அலை இதுதான் என்று ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு, பிறகு அந்த நீளத்தைப் பாதியாக்கினால் கூட்டுத்தொகை 16 மடங்காகும். நிறுத்தாமல் போனால் முடிவிலி.

இயற்பியலாளர்கள் இந்த முடிவிலியைக் கண்டு பெரிதாக அஞ்சவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆய்வகத்தில் நாம் அளப்பதெல்லாம் ஆற்றலின் வேறுபாட்டைத்தான். மாடிப்படி ஏறுகிறவருக்கு ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம்தான் கணக்கு; வீடு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன? எல்லாவற்றுக்கும் பொதுவான தொகையைக் கழித்துவிட்டு மேலே போனார்கள். அப்படிக் கழித்துப் போட்ட கணக்குகள் மிகத் துல்லியமாகப் பலித்தன.

கழிக்கவிடாத விசை ஒன்றே ஒன்று உண்டு, ஈர்ப்பு. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டில் ஆற்றல் எந்த வடிவில் இருந்தாலும் எடை உண்டு. வேறுபாடு மட்டும் போதும் என்று அது விட்டுவிடாது. மொத்த இருப்பைக் கேட்கும். இதை முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் வொல்ஃப்காங் பாவுலி. 1920களில் ஹாம்பர்கில் இருந்தபோது, வெற்றிடத்தின் அரைப் பங்குகளை எலெக்ட்ரானின் ஆரம் என்று அன்று கருதப்பட்ட நீளம் வரை மட்டும் கூட்டி, அந்த ஆற்றல் பேரண்டத்தை எவ்வளவு வளைக்கும் என்று பார்த்தார். பேரண்டம் நிலவு வரைகூட எட்டாது என்று விடை வந்ததாக அவரை அறிந்தவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். அதே கணக்கைத் திரும்பப் போட்டவர்களுக்குக் கிடைத்த ஆரம் 31 கிலோமீட்டர். நிலவு உதிப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஆக, வெற்றிடத்தின் எடை பற்றிய சிக்கல் தொலைநோக்கியில் எதுவும் தெரியும் முன்பே, தாளில் எழுந்துவிட்டது. இதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

எடை இருந்தால் சேர்த்து இழுக்கத்தானே வேண்டும், விரித்துத் தள்ளுவது எப்படி என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள், நிதானமாகப் போவோம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று கையைத் திருப்பித் தள்ளும். அது அழுத்தம். இப்போது மனத்தில் வேறொரு பம்பைக் கட்டுங்கள். அதற்குள் ஆற்றல் கொண்ட வெற்றிடம். வெளியே ஆற்றல் எதுவுமே இல்லை. பிடியை வெளியே இழுக்கிறீர்கள். உள்ளே இடம் கூடுகிறது. காற்றாக இருந்தால் இடம் கூடும்போது நீர்த்துப்போகும். வெற்றிடம் நீர்க்காது, ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் அதே ஆற்றல். எனவே உள்ளிருக்கும் மொத்த ஆற்றல் கூடிவிட்டது. கூடிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? இழுத்த உங்கள் கையிலிருந்து. அப்படியானால் பிடி உங்களை எதிர்த்து உள்நோக்கி இழுத்திருக்கிறது. தள்ளுவதற்குப் பதில் இழுப்பதால் அதன் அழுத்தம் எதிர்மறை. கணக்காகச் சொன்னால், ஆற்றல் அடர்த்தி எவ்வளவோ அதே அளவு, கழித்தல் குறியோடு.

ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் அழுத்தத்துக்கும் ஈர்ப்பு உண்டு. அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்டித்தான் ஈர்ப்பின் வலிமை. வெற்றிடத்துக்கு அடர்த்தி 1 என்றால் அழுத்தம் −1. ஒன்றிலிருந்து மூன்று போக −2. குறி மாறிவிட்டது, ஈர்ப்பு விலக்கமாகிவிட்டது. எதிர்மறை அழுத்தம் உள்ளே இழுக்குமே, பேரண்டம் சுருங்காதா என்றால், இல்லை. அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவு. வேறுபாடு இருந்தால்தானே ஒரு பக்கமாக இழுக்கும்? மிஞ்சுவது அதன் ஈர்ப்பு விளைவு மட்டுமே. அது விலக்குகிறது.

இந்த விலக்கத்துக்குச் சமன்பாட்டில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. 1917இல் ஐன்ஸ்டைன், பேரண்டம் விரியாமல் சுருங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு மாறிலியைச் சேர்த்தார். அண்டவியல் மாறிலி என்கிறோம். பேரண்டம் நிற்கவில்லை என்பதை ஃப்ரீட்மன் 1922இல் சமன்பாட்டிலிருந்தும், லெமைத்ர் 1927இல் சமன்பாட்டையும் விண்மீன் திரள்களின் வேகங்களையும் இணைத்தும் காட்டினார்கள். 1929இல் ஹபிளின் அளவீடு வந்தது. 1931இல் ஐன்ஸ்டைன் மாறிலியைக் கைவிட்டார். பெல்ஜியத்துப் பாதிரியாரான லெமைத்ர் கைவிடவில்லை. அந்த மாறிலி எதிர்மறை அழுத்தம் கொண்ட வெற்றிட ஆற்றலுக்குச் சமம் என்று 1934இலேயே எழுதினார். அந்த ஒரு வரிக்காகவே அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம். 1960களின் இறுதியில் சோவியத் நாட்டின் செல்தோவிச் இந்த இரண்டையும், பாவுலியின் கணக்கையும் லெமைத்ரின் வரியையும், ஒன்றாக முடிச்சுப் போட்டுச் சிக்கலை முழு உருவில் முன்வைத்தார்.

ஆயினும் பெரும்பாலோர் மனத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஏதோ ஒரு நெறி, இன்னும் நாம் அறியாத ஒரு சமச்சீர், கூட்டலையும் கழித்தலையும் நேர் செய்து வெற்றிடத்தின் எடையைச் சரியாகப் பூஜ்ஜியமாக்கிவிடும் என்று எண்ணினார்கள். 1998 வரை.

அந்த ஆண்டைச் சொல்லும் முன் 1930க்குப் போக வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிறார். வழியில் போட்ட கணக்கு: எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெண்குறுமீன் எவ்வளவு கனம் வரை தன்னைத் தாங்கிக்கொள்ளும்? அதைத் தாங்குவது வெப்பம் அல்ல, எலெக்ட்ரான்களின் குவாண்டம் ஆட்டம். நமது ஊஞ்சல் ஓயாததற்கு எது காரணமோ அதன் உறவுதான் இதுவும். அந்தத் தாங்குதிறனுக்கு ஓர் எல்லை உண்டு என்று சுப்பிரமணியன் சந்திரசேகர் கண்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935இல் லண்டனில் வானியலாளர் எடிங்டன் அதை அவையில் வைத்தே மறுத்ததையும், 1983இல் நோபல் பரிசு வந்ததையும் நீங்கள் அறிவீர்கள்.

அந்த எல்லை பின்னாளில் பேரண்டத்தை அளக்கும் கோலுக்கு அடிப்படையானது. துணை விண்மீனிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு ஒரு வெண்குறுமீன் எல்லையை நெருங்கும்போது, அதன் கார்பன் பற்றிக்கொண்டு மொத்தமும் வெடிக்கிறது. இரண்டு வெண்குறுமீன்கள் மோதியும் வெடிக்கலாம். சில வாரங்களுக்கு அந்த ஒரு வெடிப்பு ஒரு விண்மீன் திரளுக்கு ஈடாக ஒளிரும். இவை எல்லாம் ஒரே பிரகாசம் இல்லை. ஆனால் அதிகப் பிரகாசம் உள்ளது மெதுவாக மங்குகிறது என்று 1993இல் மார்க் ஃபிலிப்ஸ் காட்டினார். மங்கும் வேகத்தைப் பார்த்து உண்மைப் பிரகாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் மங்கலிலிருந்து தொலைவு கிடைத்துவிடும்.

ஆனால் வெடிப்பு எங்கே, எப்போது என்று யாருக்குத் தெரியும்? ஒரு விண்மீன் திரளில் இவ்வகை வெடிப்பு சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்தால் அதிகம். சால் பெர்ல்மட்டர் குழுவினர் கண்ட வழி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. அமாவாசையை ஒட்டிய இருளில், சிலியின் செர்ரோ டொலோலோ மலையிலிருந்து பல்லாயிரம் விண்மீன் திரள்கள் கொண்ட வானப் பகுதிகளைப் படமெடுப்பார்கள். மூன்று வாரம் கழித்து, அடுத்த அமாவாசை வருமுன், அதே பகுதிகளை மறுபடி எடுப்பார்கள். இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கழிப்பார்கள். மாறாதது எல்லாம் அழிந்து, புதிதாக முளைத்த புள்ளி மட்டும் மிஞ்சும். இத்தனை வெடிப்புகள் கிடைக்கும் என்று முன்கூட்டியே உறுதி சொல்லிப் பெரிய தொலைநோக்கிகளில் நாள் வாங்கினார்கள். பிரையன் ஷ்மிட் தலைமையில் இன்னொரு குழுவும் போட்டியாக இறங்கியது.

இரு குழுவும் தேடியது, விரிவு எந்த அளவுக்கு வேகம் குறைகிறது என்பதைத்தான். மேலே எறிந்த கல் வேகம் குறையத்தானே வேண்டும்? ஷ்மிட் குழுவில் இருந்த இளைஞர் ஆடம் ரீஸ் 1997 இறுதியில் கணக்கைப் போட்டபோது, பேரண்டத்தின் நிறை எதிர்மறை என்று விடை வந்தது. எதிர்மறை நிறை என்று ஒன்று கிடையாது. வேகம் கூடிக்கொண்டு போகிறது என்பதை, வேறு வழி தெரியாத கணினி அப்படிச் சொல்லியிருந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த ஷ்மிட் தனியே அதைச் சரிபார்த்தார், பிழை கிடைக்கவில்லை. பெர்ல்மட்டர் குழு 42 தொலைதூர வெடிப்புகளை வைத்து அதே முடிவுக்கு வந்தது. வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு மங்கலாக இருந்தன. ஒன்றில் மற்றொன்று பிழை காணத் துடித்த இரண்டு குழுக்கள் 1998இல் ஒரே விடையைக் கொண்டுவந்ததால்தான் உலகம் அவ்வளவு விரைவில் ஏற்றுக்கொண்டது. 2011இல் மூவருக்கும் நோபல். பிறகு அண்டப் பின்புலக் கதிர்வீச்சும், விண்மீன் திரள்களின் பரவலும் தனித்தனியே அதே கணக்கைத்தான் சொல்லியிருக்கின்றன.

1380 கோடி ஆண்டு வயதுள்ள பேரண்டத்தில் இந்த வேகம் கூடத் தொடங்கியது 500–600 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். ரசத்தில் தண்ணீர் விட விட நீர்ப்பதுபோல, இடம் விரிய விரியப் பொருளின் அடர்த்தி குறைந்தது. நீளம் இரு மடங்கானால் அடர்த்தி எட்டில் ஒன்று. வெற்றிடம் நீர்க்கவில்லை. ஒரு கட்டத்தில் பொருளின் இழுப்பை அது வென்றுவிட்டது. இன்று மொத்தத்தில் 68 விழுக்காடு அதுதான், நாமும் நட்சத்திரங்களும் சேர்ந்து ஐந்து விழுக்காடு, மீதி கரும்பொருள்.

68 விழுக்காடு என்றதும் மாபெரும் ஆற்றல் என்று மனம் மலைக்கிறது. அடர்த்தியைப் பாருங்கள். ஒரு கன மீட்டரில் மூன்று நான்கு புரோட்டான்களின் எடை அளவு. நம் பூமி எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறதோ அவ்வளவு இடத்திலும் உள்ள வெற்றிட ஆற்றலைத் திரட்டித் தட்டில் வைத்தால் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு எள் சுமார் மூன்று மில்லிகிராம் இருக்கும். பூமி அளவு இடத்துக்கு இரண்டு எள். எள்ளளவு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு எவ்வளவு பொருத்தமாக விழுகிறது! சூரியனிலிருந்து பூமியின் பாதை வரை உள்ள முழுக் கோளத்திலும் சேர்த்தால் 80 ஆயிரம் டன், ஒரு பெரிய சரக்குக் கப்பல் ஏற்றிச் செல்லும் சுமை. நடுவே நிற்கும் சூரியனின் முன் அது தூசு. அதனால்தான் பூமியின் பாதை விரிவதில்லை, நம் வீட்டுச் சுவர் விரிவதில்லை, ஆண்ட்ரோமிடா விண்மீன் திரள்கூட நம்மை விட்டு விலகாமல் நம்மை நோக்கியே வந்துகொண்டிருக்கிறது. திரள் கூட்டங்களுக்கு இடையே, பொருளே இல்லாத மாபெரும் வெளிகளில்தான் அந்த எள்ளுக்கு எள் சேர்ந்து வெல்கிறது.

இனி சிக்கலின் நடுவுக்கு வருகிறேன். குவாண்டம் கணக்கில் அரைகளைக் கூட்டும்போது, இடம் காலம் என்ற பேச்சே பொருள் இழந்துவிடும் பிளாங்க் நீளத்தில் நிறுத்தினால், கிடைக்கும் விடை தொலைநோக்கி சொன்ன அளவைவிட 10இன் 120ஆம் அடுக்கு மடங்கு பெரிது. இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஒரு கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடி கோடியால் பெருக்கி, இப்படிப் பதினேழு கோடிகளை ஒன்றோடொன்று பெருக்கியபின் இன்னொரு பத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவு வேறுபாடு.

இயற்பியல் வரலாற்றிலேயே மிக மோசமாகத் தவறிய முன்கணிப்பு என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று என்று நினைக்கிறேன். முன்கணிப்பு என்றால் கோட்பாடு ஒரு எண்ணைத் தந்திருக்க வேண்டும். இங்கே எங்கே நிறுத்துவது என்பதை நாம் தேர்ந்துகொண்டோம். நிறுத்தும் இடத்தை மாற்றினால் எண் மாறும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துவிடவும் முடியாது. நன்றாகத் தெரிந்த, ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்த எலெக்ட்ரானின் ஆற்றல் அளவிலேயே நிறுத்தினாலும் வேறுபாடு முப்பது இலக்கங்களுக்குக் குறையாது. தெரியாத எதையும் தொடாமலே கணக்கு உடைகிறது.

அரைப் பங்கு என்பது வெறும் கற்பனை, அதற்கு எடை கிடையாது என்று சொல்லிவிடலாமா? இரண்டு சாட்சிகளை விசாரிக்க வேண்டும். முதலாவது, 1948இல் ஃபிலிப்ஸ் நிறுவன ஆய்வகத்தில் இருந்த ஹெண்ட்ரிக் காசிமிர் கண்டது. மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும். இடையே பொருந்தாத நீண்ட அலைகளுக்கு அங்கே ஊஞ்சல் இல்லை, வெளியே உண்டு. வெறுங்கை முழம் போடுமா என்பார்கள், இங்கே போடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அந்த இழுப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பதின்மூன்று மைக்ரோகிராம் எடை அளவுதான். இடைவெளியை நூறில் ஒரு பங்காக்கினால் வளிமண்டல அழுத்தத்தையே எட்டும். 1997இல் ஸ்டீவ் லமோரோ இதைத் துல்லியமாக அளந்தார். எனினும் இந்தச் சாட்சியை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. அதே விசையை, தகடுகளில் உள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று பாதிப்பதாக வைத்து, வெற்றிட ஆற்றல் என்ற சொல்லே இல்லாமலும் கணக்கிட முடியும் என்று ராபர்ட் ஜாஃபி 2005இல் காட்டினார்.

இரண்டாவது சாட்சி வலுவானது. அணுவின் ஆற்றலில் வெற்றிடப் புலத்தின் பங்கு உண்டு. 1947இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜனில் கண்ட சிறு நகர்வு அதுதான். இந்தப் பங்கு தனிமத்துக்குத் தனிமம் மாறும். அலுமினியத்தில் ஒரு விகிதம், பிளாட்டினத்தில் வேறு விகிதம். அதற்கு எடை இல்லையென்றால் இரண்டு உலோகங்களும் ஒரே மாதிரி விழக்கூடாது. ஒரே மாதிரிதான் விழுகின்றன. மிக நுட்பமாக அளந்தாயிற்று. அணுவுக்குள் எடை போடும் அந்த ஆட்டம், அணுவை விட்டு வெளியே வந்ததும் எடை போடாமல் போவது ஏன்? என் மாணவியின் கேள்வி முற்றி வளர்ந்து நிற்கும் இடம் இது.

மக்கள் 1998ஐப் பெரும் புதிராகப் பார்க்கிறார்கள்: பேரண்டம் ஏன் இப்படி வேகம் கூட்டுகிறது? நான் பல ஆண்டுகள் யோசித்தபின் கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஏன் இவ்வளவு மெதுவாக? அரைப் பங்குகள் தம் முழு எடையையும் காட்டியிருந்தால் ஒரு அணுகூடச் சேர்ந்திருக்காது. முன்பு எடை பூஜ்ஜியம் என்று நம்பியிருந்தோம்; முழுதாகக் கழிந்துபோவதற்கு ஒரு சமச்சீர் போதும். 120 இலக்கங்கள் கழிந்து, 121ஆம் இலக்கத்தில் இரண்டு எள் மிஞ்ச வேண்டுமென்றால் எந்த நெறி அதைச் செய்யும்? பூஜ்ஜியமாக இருந்திருந்தால் நம் வேலை எளிதாக இருந்திருக்கும்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. சில வகைத் துகள்களின் அரைகள் கூட்டல், வேறு சிலவற்றுக்குக் கழித்தல். ஒவ்வொரு துகளுக்கும் எதிர்வகைத் துணை உண்டு என்னும் மீச்சமச்சீர் உண்மையானால் நிறையக் கழிந்துவிடும். ஆனால் ஜெனீவாவின் மோதுவிப்பானில் அந்தத் துணைகள் இதுவரை சிக்கவில்லை. ஸ்டீவன் வைன்பர்க் 1987இல் வேறு பாதை பிடித்தார். வெற்றிடத்தின் எடை ஒரு அளவுக்கு மேல் இருந்தால் விண்மீன் திரள்களே திரண்டிருக்காது, கேள்வி கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று ஓர் உச்சவரம்பு போட்டார். பதினோரு ஆண்டு கழித்து அளந்த எண் அந்த வரம்புக்குள் வந்து விழுந்தது. இந்த வாதம் எனக்கு நிறைவு தரவில்லை. ஒதுக்கிவைக்கவும் மனம் வரவில்லை.

என் மனத்துக்கு நெருக்கமானது தாணு பத்மநாபனின் சிந்தனை. திருவனந்தபுரத்தில் பிறந்து, புனேயின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வானியல் மையத்தில் பணியாற்றி, 2021இல் மறைந்தவர். 2003இல் அவர் எழுதிய நீண்ட ஆய்வுரைக்கு வைத்த துணைத் தலைப்பு, வெற்றிடத்தின் எடை. மற்ற எல்லா விசைகளுக்கும் மொத்த ஆற்றலில் ஒரு மாறாத் தொகையைக் கூட்டினாலும் கழித்தாலும் கவலையில்லை. ஈர்ப்புக்கு மட்டும் கவலை. அப்படியென்றால் ஈர்ப்பை நாம் எழுதியிருக்கும் விதத்தில்தான் குறை இருக்க வேண்டும், அந்தத் தொகையைப் பொருட்படுத்தாத விதமாக அதை அடியிலிருந்து எழுத வேண்டும் என்பது அவர் வாதம். முடிவு பெறாத பணி. இங்கே உட்கார்ந்திருக்கும் யாராவது அதைக் கையில் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அண்மைச் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரிசோனாவின் கிட் பீக் மலையில் நான்கு மீட்டர் தொலைநோக்கி ஒன்றின் குவியத்தில் 5000 ஒளியிழைகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு விரல் பருமன் இயந்திரக் கை திருப்பி ஒரு விண்மீன் திரளின் மேல் நிறுத்தும். டெசி என்று பெயர். ஆதிப் பேரண்டத்தில் ஓடிய ஒலி அலைகள் விண்மீன் திரள்களின் பரவலில் ஏறத்தாழ 50 கோடி ஒளி ஆண்டு நீளத்தில் ஒரு தடம் விட்டிருக்கின்றன. அந்தத் தடத்தையே அளவுகோலாக்கி, வெவ்வேறு காலங்களில் விரிவு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு சுமார் ஒன்றரைக் கோடி விண்மீன் திரள்களையும் குவாசர்களையும் கொண்டது. மற்றத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால் விலக்கும் ஆற்றல் மாறாமல் இல்லை, மெல்லக் குறைந்துவருகிறது என்ற சாயல் தெரிகிறது. கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க ஐந்து சிக்மா உறுதியை அது எட்டவில்லை. எட்டினால் அதன் பொருள் பெரிது. நீர்க்காமல் இருப்பதுதானே வெற்றிடத்தின் அடையாளம்? நீர்த்தால் அது வெற்றிட ஆற்றல் அல்ல, வேறொன்று. அப்போதும் பாவுலியின் கேள்வி அப்படியே நிற்கும். இரண்டு எள்கூட வெற்றிடத்துக்குச் சொந்தமில்லை என்றாகி, அரைப் பங்குகள் எங்கே போயின என்று முதலிலிருந்து கேட்க வேண்டிவரும்.

வானத்தையே பார்த்துக்கொண்டிராமல் வெற்றிடத்தைத் தராசில் வைத்தே நிறுத்துவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இத்தாலியின் சார்டினியாத் தீவில் சோஸ் எனாட்டோஸ் என்ற மூடப்பட்ட சுரங்கம் இருக்கிறது. நில அதிர்வு மிகக் குறைந்த, ஐரோப்பாவிலேயே அமைதியான இடங்களில் ஒன்று. அங்கே ஆர்க்கிமிடீஸ் என்று பெயர் வைத்து இரு கைத் தராசு ஒன்றை அமைத்துவருகிறார்கள். தட்டில் வைப்பது அடுக்கு அடுக்கான மீக்கடத்திப் படிகம். அதன் ஒவ்வொரு அடுக்கும் காசிமிரின் தகடு மாதிரி. படிகத்தைச் சற்றே சூடாக்கி, குளிர்வித்து, மீக்கடத்தி நிலைக்கு உள்ளும் வெளியும் மாறி மாறிக் கொண்டுபோனால், அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட வெற்றிடத்தின் ஆற்றல் கூடிக் குறையும். எடையும் கூடிக் குறைகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. தொட்டுச் சூடாக்கினால் தராசு ஆடிவிடும் என்பதால் வெற்றிடத்தின் குறுக்கே கதிர்வீச்சாலேயே வெப்பத்தை மாற்றுகிறார்கள். பாவுலி தாளில் போட்ட கணக்கைச் சுரங்கத்தின் இருட்டில் ஒரு தராசுக்கோல் போட்டுப் பார்க்கப்போகிறது. அதன் ஒரு பக்கம் கீழே இறங்குகிறதா, மேலே ஏறுகிறதா என்ற செய்திக்காக நான் காத்திருக்கிறேன்.